டப்பாவில் ‘சுகர்’ என்று போட்டிருந்தால் உள்ளே சர்க்கரை இருக்கிறதா? இனிப்பு அழகுப் பொருட்களைப் பார்த்து வாங்குவதும் பயன்படுத்துவதும்

பாடி வாஷ் மூடியைத் திறந்ததுமே கேரமல் வாசனை குப்பென்று வரும், முன்பக்கம் ‘சுகர்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும், பின்பக்கம் திருப்பிப் பட்டியலைப் படித்தால் சர்க்கரை மருந்துக்குக்கூட இருக்காது. அதே அலமாரியில் பக்கத்தில் நிற்கிற, வாசனையும் இல்லாமல் பார்க்கவும் சப்பென்று இருக்கிற ஒரு மாய்ஸ்சரைசரில் சர்க்கரை வழி வந்த பொருட்கள் நாலைந்து இருக்கும். சுத்திகரித்த வெள்ளைச் சர்க்கரைக்கு என்று தனி வாசனை கிடையாது, சந்தேகம் இருந்தால் ஒரு கரண்டி எடுத்து மோந்து பாருங்கள். நாம் இனிப்பு வாசனை என்று சொல்வதெல்லாம் வேறு மூலக்கூறுகள். அவற்றை மிகக் கொஞ்சமாகத்தான் சேர்ப்பார்கள், அவற்றால் தோலுக்கு ஆகிற வேலை எதுவும் இல்லை.

அதனால் கடையில் நிற்கும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் வேலை செய்கிற சர்க்கரை இருக்கிறதா? இதில் போட்டிருக்கிற வாசனை என் தோலுக்கு ஒத்துவருமா? முதல் கேள்விக்கு மூக்கு உதவாது, பட்டியல்தான் உதவும். இரண்டாவதற்குப் பட்டியல் பாதிதான் உதவும், மீதிக்குக் கையில் தடவிப் பார்த்தாக வேண்டும்.

பட்டியலைப் படிப்பது

பொருட்கள் எடை வரிசையில் இருக்கும், அதிகம் இருப்பது முதலில். ஆனால் ஒரு சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதலாம் என்று விதி இருப்பதால், நிறைய நிறுவனங்கள் கவர்ச்சியான பெயர்களை அந்த இடத்தில் முன்னால் தூக்கி வைத்துவிடும். அந்த ஒரு சதவீதக் கோடு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. பினாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தும் பொருளைத் தேடுங்கள். ஐரோப்பிய விதிப்படி அதை ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது, மற்ற இடங்களிலும் பெரும்பாலும் அந்த அளவைத்தான் பின்பற்றுகிறார்கள். ஆக, அதற்குப் பின்னால் வரும் எதுவும் ஒரு சதவீதத்தைத் தாண்டாது.

ஒரு கற்பனை பாடி வாஷை எடுத்துக்கொள்வோம். தண்ணீர், சோடியம் லாரெத் சல்ஃபேட், கோகமிடோப்ரோபைல் பீட்டெய்ன், சோடியம் குளோரைடு, கிளிசரின், பர்ஃபம், பினாக்ஸிஎத்தனால், சுக்ரோஸ், சிட்ரிக் அமிலம், கேரமல். இதில் நுரையும் சுத்தமும் இரண்டாவது மூன்றாவது பொருட்களிடமிருந்து வருகின்றன. நாலாவதாக நிற்பது சாதாரண உப்பு, திரவத்தைக் கெட்டியாக்க. சுக்ரோஸ், அதாவது நாம் தேடும் சர்க்கரை, கோட்டுக்குக் கீழே எங்கேயோ கிடக்கிறது, அதுவும் அரை நிமிடத்தில் தண்ணீரோடு போய்விடும் ஒரு பொருளில். கடைசியில் இருக்கும் கேரமல் அங்கே நிறத்துக்காக இருக்கிறது. அந்த வாசனை முழுக்க ‘பர்ஃபம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிட்டது. நன்றாகச் சுத்தம் செய்யும் பாடி வாஷ்தான், வாசனை பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம், ‘சர்க்கரையின் ஈரப்பதம்’ என்று முன்பக்கம் எழுதியிருப்பதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

சர்க்கரை வழிப் பொருட்களைப் பெயரின் வாலை வைத்தே பிடித்துவிடலாம். ‘குளுக்கோசைடு’ என்று முடிந்தால் அது சர்க்கரையோடு வேறொன்றை ஒட்டவைத்த பொருள். ‘ஓஸ்’ என்று முடிவது சர்க்கரையாகவோ அதன் சங்கிலியாகவோ இருக்கும்: சுக்ரோஸ், ஃப்ரக்டோஸ், ட்ரெஹலோஸ். ‘இட்டால்’ என்று முடிவது பெரும்பாலும் சர்க்கரை ஆல்கஹால்: சார்பிட்டால், சைலிட்டால், எரித்ரிட்டால். நடுவில் ‘சாக்கரைடு’ வந்தாலும் அதே குடும்பம்தான். இதில் ஒரு ஓட்டை உண்டு, ‘ஓஸ்’ வாலோடு வரும் செல்லுலோஸ் வகையறா எல்லாம் கெட்டிப்படுத்துவதற்காக இருப்பவை, அவற்றிடம் வேறு எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

எந்தச் சர்க்கரை என்ன செய்யும்

ஈரம் பிடித்து வைப்பதுதான் இந்தக் குடும்பத்தின் முதல் திறமை. சர்க்கரை மூலக்கூறில் தண்ணீரைப் பற்றிக்கொள்ளும் ஹைட்ராக்சில் கைகள் நிறைய இருக்கின்றன. சார்பிட்டால், சைலிட்டால், ட்ரெஹலோஸ், தேன் எல்லாம் இதே வழியில்தான் வேலை செய்கின்றன. எல்லோரும் கொண்டாடுகிற ஹையலூரானிக் அமிலம்கூட இரண்டு சர்க்கரை அலகுகள் மாறி மாறிக் கோத்த நீளமான சங்கிலிதான். சாக்கரைடு ஐசோமரேட் என்று ஒன்று வரும், அது தோலின் மேலடுக்கிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் கழுவியதும் போய்விடாது. வறண்ட சருமக்காரர்கள் பட்டியலில் அதைப் பார்த்தால் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

பயன்படுத்தும் முறைதான் இதில் முக்கியம். ஈரம் பிடிக்கும் பொருளுக்குப் பிடிக்க ஈரம் வேண்டும். முகம் கழுவித் துடைத்து, லேசாக ஈரம் இருக்கும்போதே தடவுங்கள், அதற்கு மேல் எண்ணெய்ப்பசையுள்ள ஒரு கிரீமைப் போட்டு மூடுங்கள். காற்று ரொம்பவும் வறண்டிருக்கும் இடத்தில் சீரத்தை மட்டும் தடவிவிட்டு விட்டால் கொஞ்ச நேரத்தில் தோல் இழுக்கிற மாதிரி இருக்கும், அதைப் பார்த்து ‘எனக்கு இது சேரவில்லை’ என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தடவிய பிறகு பிசுபிசுப்பு போகவே மாட்டேன் என்கிறதா? ஒரே அடுக்கில் இந்த வகைப் பொருட்கள் அதிகமாகச் சேர்ந்துவிட்டன என்று அர்த்தம், இரண்டு சீரத்தில் ஒன்றைக் குறையுங்கள்.

அடுத்தது சுத்தம் செய்யும் சர்க்கரைகள். டெசைல் குளுக்கோசைடு, கோகோ குளுக்கோசைடு, லாரில் குளுக்கோசைடு என்று ஃபேஸ் வாஷிலும் குழந்தைகள் ஷாம்புவிலும் பார்த்திருப்பீர்கள். மாவுச்சத்திலிருந்து எடுத்த குளுக்கோஸை, தேங்காய் அல்லது பாமாயில் வழி வந்த கொழுப்பு ஆல்கஹாலோடு இணைத்துச் செய்வது. எமில் ஃபிஷர் என்ற வேதியியலாளர் 1893-லேயே ஆய்வகத்தில் இந்த வகை இணைப்பைச் செய்து காட்டிவிட்டார், ஆனால் கடைக்கு வர ரொம்ப காலம் ஆயிற்று. சல்ஃபேட்டோடு ஒப்பிட்டால் தோலை உரிக்காமல் கழுவும், நுரையும் பரவாயில்லை. ஆனாலும் ‘மென்மையானது’ என்றால் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்கத் தொடர்பு தோலழற்சிச் சங்கம் 2017-ஆம் ஆண்டுக்கான ‘இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று தேர்ந்தெடுத்தது இந்த அல்கைல் குளுக்கோசைடுகளைத்தான். சல்ஃபேட் இல்லாத, வாசனை இல்லாத, விலை கூடிய ஃபேஸ் வாஷுக்கு மாறியும் கண்ணிமையோரம் அரிப்பு நிற்கவில்லை என்றால் இந்தக் குடும்பத்தின் மேல் சந்தேகப்படுங்கள். வீட்டில் ஷாம்பு கலக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இவை டின்னில் வரும்போது காரத்தன்மை மிக அதிகம், பி.ஹெச் 11 அல்லது 12 இருக்கும். சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து 5 அல்லது 5.5-க்குக் கொண்டுவராமல் தலையில் ஊற்றக் கூடாது.

சுக்ரோஸ் ஸ்டியரேட், செட்டியரைல் குளுக்கோசைடு போன்றவை எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்து வைக்கும், அவ்வளவுதான், அவற்றைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை.

இறந்த செல்களை உதிர்க்கப் போடும் அமிலங்கள் பக்கம் வந்தால் கிளைகாலிக் அமிலத்தைக் கரும்போடு சேர்த்துத்தான் விளம்பரம் செய்வார்கள். கரும்பில் அது இருப்பது உண்மை, கடையில் வருவதில் பெரும்பகுதி தொழிற்சாலையில் தயாராவது, இரண்டுக்கும் தோல் மேல் வித்தியாசம் கிடையாது. வீட்டு உபயோகத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் போகாமல், பி.ஹெச் 3.5-க்குக் கீழே இறங்காமல் இருப்பதை வாங்குங்கள். இதைத் தடவும் நாட்களிலும், நிறுத்திய பிறகு ஒரு வாரமும் வெயிலில் தோல் சுலபமாகக் கருகும் என்பதால் சன்ஸ்கிரீன் கட்டாயம். எரிச்சல் தாங்காதவர்களுக்கு குளுக்கோனோலாக்டோன் இருக்கிறது, குளுக்கோஸிலிருந்து வருவது, மூலக்கூறு பெரியது, மெதுவாக உள்ளே போகும், அதனால் குத்தல் குறைவு. என்னைக் கேட்டால் முதன்முதலாக அமிலம் தொடுகிறவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது.

வைட்டமின் சி-யை அப்படியே வைத்தால் காற்றுபட்டுக் கெடும் என்பதற்காகச் சர்க்கரையைப் பூட்டு மாதிரி மாட்டி வைத்திருப்பதுதான் அஸ்கார்பில் குளுக்கோசைடு. கரும்புள்ளிக்குப் போடும் ஆர்பியூட்டினும் இதே ரகம், ஹைட்ரோகுயினோனோடு குளுக்கோஸ் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் போட்ட விதியில் முகக் கிரீமில் ஆல்ஃபா ஆர்பியூட்டின் 2 சதவீதம், உடம்பு லோஷனில் 0.5 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதைவிட அதிகம் என்று பெருமையடிக்கிற சீரத்தை விட்டுவிடுங்கள்.

சர்க்கரை ஸ்க்ரப்: செய்வதும் தேய்ப்பதும்

சர்க்கரையை நேரடியாகச் சர்க்கரையாகவே பயன்படுத்துவது இங்கேதான். இதன் நல்ல குணம், கரைந்துவிடும். சாதாரண வெப்பநிலையில் 100 மில்லி தண்ணீரில் ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரை கரையும், எனவே ஈரத் தோலில் தேய்க்கத் தேய்க்க ஓரங்கள் மழுங்கி, கடைசியில் எதுவும் மிஞ்சாமல் வடிகாலுக்குள் போய்விடும். பிளாஸ்டிக் மணிகள் போட்ட பழைய ஸ்க்ரப்களுக்கு இந்த நல்ல குணம் கிடையாது.

செய்வதற்கு 100 கிராம் பொடிக் குருணைச் சர்க்கரை, 50 கிராம் எண்ணெய். ஜோஜோபா, பாதாம், சூரியகாந்தி, எது வேண்டுமானாலும் சரி. அளக்கும் கரண்டியைவிடத் தராசு நல்லது. மாவாக அரைத்த சர்க்கரை வேண்டாம், அதில் கட்டி தட்டாமல் இருக்க ஸ்டார்ச் கலந்திருப்பார்கள், தேய்த்தால் பசையாகிவிடும். பெரிய கல்லுச் சர்க்கரை குதிகாலுக்கு மட்டும். பழுப்புச் சர்க்கரை மென்மையாக இருக்கும், வெல்லப்பாகின் வாசனையும் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் அதிலேயே ஈரம் உண்டு என்பதால் நாள்பட வைக்க உதவாது. எண்ணெயைச் சர்க்கரை மேல் ஊற்றிக் கிளறும்போது முதலில் ஈர மணல் மாதிரி இருக்கும். விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்க வேண்டும், பள்ளத்தில் எண்ணெய் தேங்கினால் இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போடுங்கள். வைட்டமின் ஈ சில சொட்டு சேர்க்கலாம், அது எண்ணெய் சிக்கடிப்பதைத் தள்ளிப்போடும். கிருமியைத் தடுக்காது, இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் ரொம்ப அதிகம்.

கிருமி விஷயத்தில் முழு ரகசியமும் தண்ணீர் சேராமல் பார்த்துக்கொள்வதுதான். நிறைவாகக் கரைந்த சர்க்கரைப் பாகில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை, அதில் பூஞ்சையும் ஈஸ்ட்டும் திணறும், ஆனால் தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டால் அதே சர்க்கரை அவற்றுக்கு விருந்தாகிவிடும். அதனால் குளியலறையில் ஈரக் கையை டப்பாவுக்குள் விடாதீர்கள். காய்ந்த கரண்டியால் ஒருமுறைக்கு வேண்டியதை வேறொரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போங்கள். எலுமிச்சைச் சாறு, தயிர், தேன், கற்றாழை ஜெல் இவற்றில் எதைக் கலந்தாலும் அது அன்றைக்கே தேய்த்து மீதியைக் கொட்டிவிட வேண்டிய கலவை. வாசனைக்காகச் சமையலறை வனிலா எசென்ஸை ஊற்றுவதும் வீண், அது தண்ணீரும் ஆல்கஹாலும், எண்ணெயோடு கலக்காது, அடியில் தேங்கி சர்க்கரையைக் கரைத்துவிடும். வாசனை வேண்டுமென்றால் எண்ணெயில் கரையும், அழகுப் பொருளுக்கென்றே விற்கும் வாசனை எண்ணெயை மொத்த எடையில் அரை சதவீதத்துக்குள், அதாவது இந்த 150 கிராமுக்கு முக்கால் கிராம்.

தேய்க்கும் முறை. முதலில் உடம்பை நனைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த தோலில் சர்க்கரையின் கூர் அப்படியே கீறும். உள்ளங்கையின் எடை போதும், அழுத்த வேண்டாம், ஒரு பகுதிக்கு ஒரு நிமிடம், வெதுவெதுப்பான தண்ணீரில் அலசல். வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை. சவரம் செய்த அன்று, வெயிலில் கருகிய தோலில், எக்ஸிமா அல்லது புண் இருக்கும் இடத்தில், ரெட்டினாய்டு என்ற வைட்டமின் ஏ வகைப் பொருள் தடவும் இடத்தில் கை வைக்காதீர்கள். முகத்துக்கும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து, முகத்தில் பரு இருந்தால் கட்டாயம் வேண்டாம். தரையில் எண்ணெய் படிந்து வழுக்கும், அடுத்து குளிக்கப் போகிறவர் விழாமல் இருக்கத் தரையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெளியே வாருங்கள். டப்பாவையும் இறுக மூடுங்கள், எறும்பு மோப்பம் பிடித்து வருவதற்கு வாசனையே தேவையில்லை.

‘சர்க்கரையில் இயற்கையாகவே கிளைகாலிக் அமிலம் இருக்கிறது, அதனால் ஸ்க்ரப் வேதி முறையிலும் தோலைப் புதுப்பிக்கும்’ என்று பல இடங்களில் படிக்கலாம். சுத்திகரித்த சர்க்கரை ஏறத்தாழ முழுக்க சுக்ரோஸ். சுக்ரோஸ் கிளைகாலிக் அமிலம் கிடையாது. தேய்ப்பதால் இறந்த செல்கள் போகின்றன, எண்ணெயால் தோல் வழவழப்பாகிறது, வேறு மாயம் எதுவும் நடப்பதில்லை. அதே மாதிரி, சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஸ்க்ரப் தேய்த்தால் ரத்தச் சர்க்கரை ஏறுமோ என்று பயப்பட வேண்டாம், காயமில்லாத தோல் வழியாக அது உள்ளே போகாது. ஆனால் கால் உணர்ச்சி மங்கியிருந்தால் கீறல் விழுந்தாலும் தெரியாது, அவர்கள் பாதத்தை விட்டுவிடுவது நல்லது.

முடி நீக்கும் சர்க்கரைப் பசையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டியதுதான். சர்க்கரை, தண்ணீர், எலுமிச்சைச் சாறு மூன்றையும் கொதிக்கவைத்தால் அமிலம் சுக்ரோஸை குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று உடைத்துவிடும், அதனால்தான் ஆறிய பிறகும் கற்கண்டாக இறுகாமல் இழுபடுகிறது. வேலை முடிந்ததும் தண்ணீரிலேயே போய்விடும் என்பது மெழுகைவிடப் பெரிய வசதி. ஆனால் பதம் வருவது 120 டிகிரி செல்சியஸை ஒட்டி, அந்தச் சூட்டில் தோலில் ஒட்டினால் கொப்புளம் நிச்சயம். வாங்கியதையே பயன்படுத்துங்கள், முடி வளரும் திசைக்கு எதிராகத் தடவி, வளரும் திசையிலேயே இழுங்கள்.

வாசனைக்குப் பின்னால் இருப்பவர்கள்

வனிலா மணத்தின் நாயகன் வனிலின். பதப்படுத்திய வனிலாக் காயின் எடையில் அது இரண்டு சதவீதம் அளவுதான் இருக்கும், அதனால்தான் காய்க்கு அவ்வளவு விலை. ஃபெர்டினாண்ட் டீமன், வில்ஹெல்ம் ஹார்மன் என்ற இரண்டு ஜெர்மானிய வேதியியலாளர்கள் 1874-இல் ஊசியிலை மரத்திலிருந்து கிடைக்கும் கோனிஃபெரின் என்ற பொருளிலிருந்து வனிலினைச் செய்தார்கள். கோனிஃபெரினும் ஒரு குளுக்கோசைடுதான் என்பது இதில் எனக்குப் பிடித்த சங்கதி. இன்று நாம் மோந்து பார்க்கும் வனிலாவில் பெரும்பகுதி தொழிற்சாலை வனிலின், மூலக்கூறு அளவில் காயிலிருந்து வருவதும் இதுவும் ஒன்றே. இயற்கை வனிலாச் சாற்றில் இன்னும் பல மணப்பொருட்கள் சேர்ந்திருப்பதால் வாசனையில் ஆழம் கூடுதல், ஒவ்வாமைக்கான வாய்ப்புகளும் அதே அளவுக்குக் கூடுதல்.

பஞ்சு மிட்டாய், கேரமல், ‘சுகர்’ என்று பெயர் வைத்த வாசனைகளுக்கெல்லாம் ஆதாரம் எத்தில் மால்ட்டால். 1992-இல் தியரி முக்லர் வெளியிட்ட ‘ஏஞ்சல்’ பெர்ஃப்யூம் இதைத் தாராளமாக ஊற்றிப் பெயர் வாங்கியது, இனிப்புப் பண்ட வாசனைகளுக்கு என்று தனி வகையே உருவானது அதற்குப் பிறகுதான். பீச் பழ வாசனைக்கு காமா அன்டெகாலாக்டோன், தேங்காய் வாசனைக்கு காமா நோனாலாக்டோன். கூமரின் என்றால் டோங்கா விதை, காய்ந்த புல், கொஞ்சம் பாதாம். பென்சாயின் பிசினில் வனிலாவும் புகையும் கலந்த மாதிரி ஒரு மணம்.

இந்த வகை மூலக்கூறுகள் பெரும்பாலும் மெதுவாக ஆவியாகிறவை. எலுமிச்சை வாசனை அரை மணியில் ஓடிவிடும், எத்தில் மால்ட்டால் துணியில் பட்டால் நாள்கணக்கில் இருக்கும். எனவே இனிப்பு வாசனையில் பாடி வாஷ், லோஷன், ஸ்ப்ரே என்று மூன்றையும் அடுக்காதீர்கள். ஒன்று போதும், மற்ற இரண்டும் வாசனையில்லாததாக இருக்கட்டும். வாசனையில்லாத லோஷன் தடவிய தோலில் ஸ்ப்ரே அடித்தால் அதே ஒரு அழுத்தல் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். பத்து இருபது நிமிடத்தில் உங்கள் மூக்குக்குப் பழகிவிடும், ‘போய்விட்டதே’ என்று மறுபடி அடிப்பீர்கள், லிஃப்டில் கூட நிற்கிறவருக்குத் தலைவலி வரும்.

நிறம் மாறுவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. வெள்ளையாக வாங்கிய வனிலா சோப்பு சில வாரத்தில் பழுப்பாகும். கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஓரம் முழுக்க காபி நிறத்திலும், நடுவில் இன்னும் வெளிர் நிறத்திலும் இருக்கும், காற்றும் வெளிச்சமும் வெளியிலிருந்து உள்ளே போகப் போக வனிலின் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான். கெட்டுப்போனது வேறு மாதிரி இருக்கும்: பழைய எண்ணெய் வாடை, அங்கங்கே ஆரஞ்சுப் புள்ளிகள், கிரீம் என்றால் தண்ணீர் பிரிந்து நிற்பது. பழுப்பு மட்டும் என்றால் பயமில்லாமல் பயன்படுத்தலாம், வெள்ளைச் சட்டை மேல் வனிலா ஸ்ப்ரேயை நேராக அடிக்காமல் இருந்தால் சரி. சொந்தமாகக் கிரீம் செய்கிறவர்கள் எத்தில் மால்ட்டால் சேர்ந்த வாசனையை இரும்புப் பாத்திரத்தில் கலக்காதீர்கள், இரும்போடு சேர்ந்து இளஞ்சிவப்பாகிவிடும், யார் சாயம் ஊற்றினார்கள் என்று தேடுவீர்கள்.

ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்க

பட்டியலில் ‘பர்ஃபம்’ அல்லது ‘ஃப்ராக்ரன்ஸ்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவதால் உள்ளே என்ன என்று தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒவ்வாமை தரக்கூடிய சில வாசனைப் பொருட்களை மட்டும் பெயரோடு எழுதியாக வேண்டும். கழுவாமல் விடும் பொருளில் 0.001 சதவீதம், கழுவிவிடும் பொருளில் 0.01 சதவீதம் தாண்டினால் எழுத வேண்டும். கூமரின் ஆரம்பத்திலிருந்தே இந்தப் பட்டியலில் உண்டு. 2023-இல் பட்டியலை 80-க்கும் மேலாக நீட்டியபோது வனிலினும் உள்ளே வந்தது, 2026 ஜூலை 31 முதல் அங்கே சந்தைக்குப் புதிதாக வரும் பொருட்கள் இதைப் பின்பற்ற வேண்டும். ஐரோப்பாவிலும் விற்கிற பிராண்டாக இருந்தால் அதன் அங்கத்திய பட்டியலை இணையத்தில் தேடிப் பாருங்கள், இங்கே மறைந்திருக்கும் பெயர் அங்கே வெளியே தெரியலாம்.

பெரு பால்சம் என்ற மணமுள்ள மரப்பிசின் ஒத்துக்கொள்ளாது என்று பரிசோதனையில் தெரிந்தவர்கள் வனிலா, இலவங்கப்பட்டை, பென்சாயின் மூன்றிலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், இவற்றுக்கு ஒன்றோடொன்று தொடர்பு உண்டு. இன்னொன்று, ‘அன்சென்டட்’ என்று எழுதியிருப்பதில் மூலப்பொருளின் வாடையை மறைக்க வாசனை சேர்த்திருக்கலாம். ‘ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்று எழுதியிருப்பதைத்தான் தேட வேண்டும், அதையும் பட்டியலோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

சோதித்துப் பார்ப்பதை ஒரு நாளில் முடிக்காதீர்கள். முழங்கை மடிப்பில் ஒரு நாணய அளவு இடத்தில், காலையும் மாலையும், ஏழு முதல் பத்து நாள் தடவுங்கள். வாசனை ஒவ்வாமை பல நேரம் தாமதமாகத்தான் தலைகாட்டும். கழுவிவிடும் பொருள் என்றால் வழக்கமாக எவ்வளவு நேரம் தோலில் இருக்குமோ அவ்வளவு நேரம் வைத்துக் கழுவுங்கள். சிவந்தாலோ அரித்தாலோ நிறுத்திவிட்டு, டப்பாவைத் தூக்கி எறியாமல் தோல் மருத்துவரிடம் எடுத்துப்போங்கள், பட்டியல் அவருக்குத் தேவைப்படும்.

உதடும் குழந்தையும் நாயும்

லிப் பாமில் மட்டும் வாசனையோடு சுவையும் சேர்க்கிறார்கள், பட்டியலில் ‘அரோமா’ அல்லது ‘ஃப்ளேவர்’, அதோடு சோடியம் சாக்கரின், ஸ்டீவியா, சைலிட்டால் மாதிரி ஏதாவது ஒன்று. இனிக்கிற லிப் பாமை நான் யாருக்கும் சொல்வதில்லை. நாக்கு தானாக உதட்டுக்குப் போகும், எச்சில் காயும்போது உதட்டின் ஈரத்தையும் கொண்டுபோகும், வெடிப்பு கூடும், மறுபடி பாம் தடவத் தோன்றும். உதடு வெடித்திருக்கும் நாட்களில் இனிப்பும் வாசனையும் இல்லாத, வெறும் பெட்ரோலியம் ஜெல்லி அல்லது மெழுகு வகையே போதும்.

சாக்லேட், கேக், பழம் வடிவத்தில் வரும் சோப்புகளும் குளியல் உருண்டைகளும் பார்க்க அழகுதான். வடிவமும் மணமும் சேர்ந்தால் சின்னக் குழந்தைக்கு அது தின்பண்டம். உணவு என்று ஏமாற்றி ஆபத்து விளைவிக்கக்கூடிய பொருட்களைத் தடுக்க ஐரோப்பாவில் 1987-லேயே தனி உத்தரவு போட்டார்கள் என்றால் பாருங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் இவற்றை உயரத்தில் வையுங்கள், டப்பாவை மாற்றிச் சமையலறை ஜாடியில் கொட்டி வைப்பது அறவே கூடாது.

நாய் வளர்க்கிறவர்கள் சைலிட்டால் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மனிதர்களுக்கு அது பற்பசையிலும் கிரீமிலும் சாதுவான பொருள், நாய் தின்றால் ரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கும், கல்லீரலும் பாதிக்கலாம். இனிப்பு லிப் பாம் குச்சியையோ பற்பசையையோ நாய் கடித்துவிட்டது என்று தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல், அந்தப் பாக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.